ரெக் கட்டிய கயிறு

எனிட் டார்டாஃப் நான்கு வருடங்களாக மாமியாரின் வயிற்றுக்குள் குடியிருந்தாள். கேலிபோல் இருந்தாலும் உண்மை அதுதான். கணவன் ரெக், வீட்டை விற்று வாங்கிய படகுக்குத் தன் அம்மாவின் பெயரை வைத்தான். பச்சை இரும்பின்மேல் சிவப்பு எழுத்தில் இரண்டு பக்கமும் 'ஹில்டா'. எனிட் சுட்ட கேக்கை ஒருநாளும் முழுத் துண்டாகத் தின்னாத அந்த அம்மாள், செத்த பிறகு இரும்பாகி, மருமகளை உள்ளே போட்டுக்கொண்டு கால்வாய் கால்வாயாக மிதந்தாள்.

"ஏங்க, உங்க சம்சாரம் பேரை வைக்கலையா?" என்று கரையில் யாராவது கேட்பார்கள்.

"இவ பேரையா? இவளுக்கு நீச்சல் தெரியாதுய்யா. படகு பயந்துக்கும்" என்பான் ரெக். கேட்டவர்கள் சிரிப்பார்கள். எனிட்டும் சிரிப்பாள். சிரிக்காவிட்டால், "பாருங்க, மூஞ்சியத் தூக்கிட்டா" என்று இன்னொரு சுற்று வரும்.

கால்வாய்க்கென்றே அளவெடுத்துச் செய்த ஒல்லிப் படகு அது. நீளம் ரயில் பெட்டிபோல இருக்கும். அகலத்தில் இரண்டு பேர் உரசாமல் எதிரெதிரே போக முடியாது. அடுப்படி, சாப்பாட்டு மேசை, படுக்கை, கழிப்பறை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த மாதிரி இருக்கும். குளிர்காலத்தில் ஜன்னலில் பனி உறைவது உள்பக்கம். துவைத்த துணி காய்வதற்குள் மக்கிப்போன வாடை வந்துவிடும். கழிப்பறைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் கொட்டுவது எனிட்டின் வேலை. சுக்கான் பிடிப்பதும் கயிறு கட்டுவதும் ரெக்கின் வேலை.

ஆலை ஊரான ஷிப்லியில் அவர்களுக்கு ஒரு கல் வீடு இருந்தது. ஆலைப் புகையில் கறுத்த வீடு. பின்கட்டுச் சமையலறைக்கு எனிட் தன் கையால் மஞ்சள் நிறத் தாள் ஒட்டியிருந்தாள். பள்ளிக்கூடச் சமையற்கூடத்தில் நாளெல்லாம் பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு மசித்துவிட்டு வருபவளுக்கு, அந்த மஞ்சள் சுவருக்கு நடுவே தனியாக உட்கார்ந்து ஒரு டீ குடிப்பதுதான் பொழுது. பிள்ளை இல்லை. ரெக் கம்பளி ஆலையில் சாயப் பிரிவின் மேஸ்திரியாக இருந்தான். ஆலையை மூடினார்கள். வீட்டுக்குப் பின்னால் கால்வாயில் போகும் படகுகளையே கொஞ்ச காலம் பார்த்துக்கொண்டிருந்தவன், ஒருநாள் சாராயக் கடையில் நண்பர்கள் மத்தியில், "வீட்டை வித்தாச்சு. இனிமே நாங்க மிதக்கப் போறோம்" என்று அறிவித்தான். எனிட்டுக்கும் அப்போதுதான் தெரியும். எல்லோரும் அவளுக்கும் சேர்த்துக் கோப்பையை உயர்த்தினார்கள். அவளும் உயர்த்தினாள்.

ரெக் கை நீட்டுகிறவன் இல்லை. குடித்து உருளுகிறவனும் இல்லை. வாய்தான். ஆலையில் முப்பது பேரை மேய்த்த வாய், மேய்க்க ஒருத்தி மட்டுமே மிஞ்சியதும் இன்னும் கூர்மையானது. எனிட் ஏதாவது சொன்னால் அதைப் பிடித்து, நாலு பேர் முன்னால் தூக்கிக் காட்டி, ஆட்டி, கீழே போடுவான். அதனால் அவள் சொல்வதைக் குறைத்துக்கொண்டாள். ஆரம்பத்தில் பெரிய விஷயங்களைச் சொல்லாமல் விட்டாள். பிறகு சின்ன விஷயங்களையும்.

நான்கு வருடத்தில் அவள் கேட்டது ஒன்றே ஒன்று. யார்க் நகரத்துப் பேராலயத்தின் கிழக்கு ஜன்னலை இன்னொரு தடவை பார்க்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் அழைத்துப்போய்க் காட்டியிருந்தார்கள். டென்னிஸ் மைதானம் அளவுக்கு ஒரு கண்ணாடி, உலகம் உண்டானதிலிருந்து அழிவதுவரை அதில் துண்டு துண்டாக வரைந்திருக்கும் என்று அவளுக்கு ஞாபகம்.

யார்க்குக்குப் போக வேண்டுமானால் கால்வாயை விட்டு ஆற்றில் இறங்க வேண்டும். ரெக் ஆற்றில் போனதில்லை. ஆனாலும், "மகாராணி ஆசைப்பட்டுட்டாங்க, போயித்தானே ஆகணும்" என்று அந்த அக்டோபரில் கிளம்பினான். சிரமமில்லாமல் வந்தும் சேர்ந்தான். அதுதான் வினையாயிற்று. ஆறும் கால்வாய் மாதிரித்தான் என்ற எண்ணம் அவனுக்குள் உட்கார்ந்துவிட்டது.

யார்க்கில், ஆற்றுப் பாலத்துக்கு நீர் வரும் பக்கத்தில், தோட்டத்தை ஒட்டிய கல்கரையில் படகைக் கட்டினான். கல்லில் பதித்த இரும்பு வளையங்களில் முன்னால் ஒரு கயிறு, பின்னால் ஒரு கயிறு. ரெக் கட்டினால் படகு ஒரு விரற்கடை அசையாது. கால்வாயில் அதுதான் கெட்டிக்காரத்தனம். அங்கே தண்ணீர் ஏறாது, இறங்காது. பக்கத்தில் இன்னொரு படகு போகும்போது மட்டும் இழுத்து ஆட்டும். தொளதொளவென்று கட்டியவன் வீட்டில் கோப்பை உடையும்; அவனைப் பார்த்து மற்றவர்கள் சிரிப்பார்கள். ரெக்கைப் பார்த்து ஒருவரும் சிரித்ததில்லை. அவன் கயிற்றை யாரும் தொட்டதும் இல்லை. ஸ்கிப்டன் கரையில் ஒரு பையன் உதவி செய்கிறேன் பேர்வழி என்று முடிச்சைத் தொடப்போய், அம்மா அப்பாவோடு சேர்த்து வாங்கிக் கட்டிக்கொண்டான்.

பக்கத்துப் படகில் வில்ஃப் இருந்தார். தனியாள், எழுபதைத் தாண்டியவர், அந்த ஆற்றிலேயே நரைத்தவர். மழைச் சட்டையைத் தலைக்குமேல் இழுத்துக்கொண்டு வந்து கயிற்றைப் பார்த்தார்.

"கொஞ்சம் தளர விடுங்க. ராத்திரி பூரா மலைப்பக்கம் கொட்டியிருக்கு. அந்தத் தண்ணி நாளைக்கு இங்க வரும்."

"நாலு வருசமா கட்டறேன் பெரியவரே. இன்னிக்கி வரைக்கும் எங்கம்மா எங்கயும் ஓடிப்போகலை."

எனிட் கதவருகே நின்றிருந்தாள். "அவர் சொல்றதும் சரிதானே ரெக். இது ஆறாச்சே. சித்த விட்டுத்தான் கட்டேன்."

ரெக் நிமிர்ந்து வில்ஃபைப் பார்த்துக் கண்ணடித்தான். "கேட்டீங்களா? காரைப் பின்னால எடுக்கத் தெரியாம காய்கறிக் கடைக்குள்ள விட்டவ. இப்போ கப்பல் படைத் தளபதி ஆயிட்டா."

வில்ஃப் சிரிக்கவில்லை. எனிட் உள்ளே போய் அடுப்பில் கரி போட்டாள்.

மறுநாள் விடிந்தும் வெளிச்சமில்லை. மழை சாய்ந்து அடித்தது. எனிட் குடத்தை எடுத்துக்கொண்டு கரைக் குழாய்க்குப் போனாள். வில்ஃப் தன் கயிறுகளைத் தளர்த்திக் கட்டிவிட்டு வந்து பக்கத்தில் நின்றார்.

"ஊர் சுத்தப் போறீங்களாம்மா?"

"ஆமா. பேராலயம் பார்க்கணும்."

"எத்தனை நேரமாகும்?"

"சாயங்காலம் ஆயிடும்னு நினைக்கறேன். போனா அவரு ஒரு கல்வெட்டு விடமாட்டாரு."

வில்ஃப் குரலைத் தாழ்த்தினார். "இந்தாம்மா, மறைக்காம சொல்றேன். தண்ணி ஏறும்போது படகும் ஏறணும். கயிறு விடாது. கரைப்பக்கம் அமுக்கிப் பிடிச்சுக்கும், அந்தப் பக்கம் மட்டும் தூக்கும். அப்படியே சாஞ்சு, எஞ்சின் காத்து வாங்கற ஓட்டை வழியா தண்ணி உள்ள போயிடும். நான் பார்த்திருக்கேன். நீங்க போனதும் நான் அவுத்து, தளர்த்திக் கட்டிடறேன். சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க போதும். சொல்லாம இன்னொருத்தர் கயித்தைத் தொடறது வழக்கமில்லை."

குடம் நிரம்பி வழிந்தது. எனிட் குழாயை மூடவில்லை. சாயங்காலம் திரும்பி வரும் காட்சி அவள் கண்முன் வந்தது. தளர்ந்த கயிறு. ரெக் குனிந்து பார்ப்பான். யார் தொட்டது என்பான். வில்ஃப் பெயர் வரும், பிறகு தன் பெயர் வரும். அப்புறம் அந்த ஊரை விட்டுப் போகும்வரை, போன பிறகும், எல்லாக் கரையிலும், எல்லாக் கடையிலும் அந்தக் கதை நடக்கும்.

"வேணாங்க" என்றாள். "அவர் கயித்தை யாரும் தொட்டா அவருக்குப் பிடிக்காது."

"நிஜமாத்தான் சொல்றீங்களா?"

"வேணாம்."

வில்ஃப் கையை நீட்டிக் குழாயை மூடினார். பிறகு தன் படகுக்குப் போனார்.

மழைக்கோட்டு, குடை, பைக்குள் ரொட்டி என்று புருஷனும் பெண்டாட்டியும் ஊருக்குள் நடந்தார்கள். குறுகிய சந்துகளில் வீடுகள் தலையை முட்டிக்கொண்டு நின்றன. கூரைத் தண்ணீர் குடைமேல் கொட்டியது. ரெக் ஒவ்வொரு பலகைக்கும் முன்னால் நின்று சத்தமாகப் படித்தான். இங்கே இன்ன பெண்ணின் மேல் கல் ஏற்றிக் கொன்றார்கள். இந்த வாசலில் துரோகியின் தலையைக் கம்பத்தில் குத்தி வைத்தார்கள்.

"நல்ல ஊரைத்தான் கேட்டிருக்கே நீ" என்றான். "ஒருத்தனாவது படுக்கையில செத்தானான்னு பாரு."

பேராலயத்தில் கிழக்கு ஜன்னலுக்குச் சாரம் கட்டியிருந்தார்கள். பழுது பார்க்கிறார்களாம். அரைவாசிக்கு மேல் சாம்பல் நிறத் துணி தொங்கியது. மிச்சமிருந்த கண்ணாடியிலும் வெளியே வெளிச்சம் இல்லாததால் நிறம் ஏறவில்லை. கண்ணாடித் துண்டுகளைக் கோத்த ஈயக்கோடுகள் மட்டும் தெரிந்தன.

ரெக் அண்ணாந்து பார்த்தான். சிரிக்கத் தொடங்கினான். சத்தம் கற்தூண்களில் பட்டுத் திரும்பியது. அங்கியணிந்த பணியாளர் ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

"ஐயா, இவ இதுக்காகவே ஆத்துல வந்தா" என்று அவரிடம் சொன்னான். "ஒரு போர்வை காயப் போட்டிருக்கறதப் பார்க்க!"

"அடுத்த வருஷம் வாங்கம்மா, முடிஞ்சிரும்" என்றார் அவர் எனிட்டிடம், மன்னிப்புக் கேட்பவரைப்போல.

எனிட் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஜெபம் செய்யவில்லை. கூரையில் மழை அடிக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். இவ்வளவு உயரக் கூரையிலும் அது கேட்டது. மலைமேல் எப்படிப் பெய்யும் என்று நினைத்தாள்.

மத்தியானம் பாலத்தின் வழியே வந்தபோது ஆறு நிறம் மாறியிருந்தது. போட்ட டீயில் பால் கலந்த நிறம். ஒரு முழு மரம் வேரோடு போய்க்கொண்டிருந்தது. காலையில் வெளியே இருந்த படித்துறைப் படிகளைக் காணவில்லை. பாலத்தை ஒட்டிய சுவரில், எந்தெந்த வருஷம் வெள்ளம் எவ்வளவு உயரம் வந்தது என்று கோடு போட்டு எழுதியிருந்தார்கள். ரெக் அதையும் விடாமல் படித்தான். ஒரு கோடு அவன் தலைக்கு மேலே இருந்தது. கையைத் தூக்கித் தொட்டுக் காட்டினான்.

"தண்ணி ஏறியிருக்கு ரெக்" என்றாள் எனிட்.

"ஏறட்டுமே. நான் கட்டியிருக்கற இறுக்கத்துக்கு அவ எங்க போவா?"

அந்த இடத்தில் அவள் சொல்லியிருக்கலாம். வில்ஃப் காலையில் இன்னது சொன்னார், வா போகலாம் என்று ஒரே வாக்கியம். வாயில் வந்துவிட்டது. தோட்டத்து மரங்கள் மறைத்ததால் படகு அங்கிருந்து தெரியவில்லை. நூறு தப்படி நடந்தால் தெரியும். அவன் சொல்லப்போவதும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது. தளபதி. கண்ணடிப்பு.

"கால் வலிக்குது" என்றாள். "எங்கயாவது உக்காரலாம்."

தேநீர்க் கடையில் ஜன்னலோர மேசை கிடைத்தது. கணப்பு எரிந்தது. திராட்சை போட்ட பன்னை வாட்டி வெண்ணெய் தடவிக் கொண்டுவந்தார்கள். சுவர் மஞ்சள் நிறத்தில் இருந்தது. ரெக் பரிமாறும் பெண்ணிடம், ஆலையில் நீலச் சாயத் தொட்டிக்குள் விழுந்தவனைப் பற்றிய கதையைச் சொன்னான். அவள் நின்று கேட்டாள், சிரித்தாள். எனிட் கணப்பின் பக்கம் காலை நீட்டினாள். முழங்கால் மூட்டு வெதுவெதுப்பில் இளகியது. எத்தனை நாளாயிற்று இப்படி, அசையாத தரையில், காய்ந்த காலோடு உட்கார்ந்து!

படகில் என்னவெல்லாம் இருக்கிறது என்று எண்ணினாள். அம்மாவின் தையல் பெட்டி. கல்யாணப் போட்டோக்கள். அவளுடைய ஒரே நல்ல கோட்டு. நாலு போர்வை. அவளுக்கென்று உலகத்தில் மிஞ்சியது அவ்வளவும் அந்த இரும்புக்குள்தான். அது போனால் தலைசாய்க்க ஓர் இடம் இல்லை. பதறி எழ வேண்டிய நேரம். அவள் எழவில்லை. இது பயமா, வேறு ஏதாவதா என்று அவளுக்கே விளங்கவில்லை.

ரெக் கடைசிப் பன்னை விழுங்கிவிட்டுக் கையைத் துடைத்தான். "கிளம்பலாமா?"

"இன்னொரு டீ குடிக்கலாம்" என்றாள் எனிட்.

ரெக்குக்கு ஆச்சரியம். இருந்தாலும் விரலைத் தூக்கிப் பெண்ணைக் கூப்பிட்டான். "இன்னொரு கெட்டில் கொண்டாம்மா. இவளுக்கு இன்னிக்கி ராஜ யோகம்."

அவர்கள் திரும்பியபோது தோட்டத்து நடைபாதை தண்ணீருக்குள் இருந்தது. கரையில் ஏழெட்டுப் பேர் குடை பிடித்துக்கொண்டு நின்றார்கள். ரெக் அவர்களைப் பார்த்ததும் நடையை நிறுத்தினான். பிறகு ஓடினான்.

ஹில்டா கரைப்பக்கமாகப் படுத்திருந்தாள். வெளிப்பக்கத்து அடிவயிறு, யாரும் பார்க்கக் கூடாத கறுப்பு, வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. புகைக்குழாய் கரையேறிய தண்ணீரைத் தொட்டது. கூரையிலிருந்த கரி மூட்டை எங்கோ போயிருந்தது. உடைந்த ஜன்னல் வழியே ஒரு தலையணை வெளியே வந்து, தயங்கி, சுழன்று, ஆற்றோடு போயிற்று. பின்கயிறு இன்னும் விறைப்பாக நின்றது. முடிச்சு ஒரு துளி நெகிழவில்லை.

வில்ஃப் இடுப்புவரை நனைந்து நின்றார். கையில் ரொட்டி வெட்டும் கத்தி இருந்தது.

"பேராலயம் வரைக்கும் ஓடிப்போயிப் பார்த்தேன்" என்றார். "இல்லைன்னாங்க. திரும்பி வர்றதுக்குள்ள வளையம் தண்ணிக்குள்ள போயிருச்சு. முன்கயித்தை வெட்டினேன். ரெண்டையும் வெட்டினா ஆத்தோட போயிப் பாலத்துல மோதும். அதுக்குள்ள..."

"நின்னு வேடிக்கை பார்த்தியாய்யா?" ரெக் அவர் சட்டையைப் பிடித்தான். "நாள் பூரா இங்கதானே இருந்தே? தண்ணி ஏறும்போது கயித்தைத் தளர்த்த உனக்குக் கை இல்லையா? ஒரு மனுஷன் வீடு மூழ்கறதப் பார்த்துட்டு நிக்கறியே, நீயெல்லாம் படகுக்காரனா?"

வில்ஃப் எனிட்டின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, ஆட்டி உலுக்கியதை வாங்கிக்கொண்டார். கூடியிருந்தவர்களில் ஒருத்தி, "அடப்பாவமே, கேட்டாவது செஞ்சிருக்கலாம்" என்றாள். யாரோ ஆமாம் என்றார்கள்.

எனிட் வந்து ரெக்கின் கையைப் பிடித்துச் சட்டையிலிருந்து எடுத்தாள்.

"அவர் கேட்டார்."

"என்ன?"

"காலையில கேட்டார். தளர்த்திக் கட்டவான்னு. இப்படித்தான் ஆகும்னு விவரமாச் சொன்னார். நான்தான் வேணாம்னு சொன்னேன்."

மழை பெய்துகொண்டிருந்தது. ரெக் அவளையே பார்த்தான். கண்ணடிக்க ஆளில்லாதவன்போலச் சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி அவளிடம் பார்வையைத் திருப்பினான்.

"தெரிஞ்சா?"

"தெரிஞ்சுதான்."

"பாலத்துல நின்னப்பவும் தெரியுமா? டீ குடிக்கறப்பவும்?"

"தெரியும்."

"ஏன்டி?"

அவள் யோசித்தாள். ஒளிக்கவில்லை, நிஜமாகவே தேடிப்பார்த்தாள். "தெரியலை ரெக்" என்றாள். "முதல்ல நீ ஏசுவியேன்னு பயந்துதான் வேணாம்னு சொன்னேன். அப்புறமா பயம் இல்லை. அப்புறம் என்னன்னு எனக்குத் தெரியலை."

ரெக் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். முப்பது பேரை மேய்த்த வாய். அது திறந்தபடியே இருக்க, தண்ணீர் விளிம்பிலிருந்த ஒரு கல்லில் உட்கார்ந்தான், தண்ணீர் அவன் காலணிக்குள் புகுந்தது, காலை எடுக்கவில்லை. கூட்டம் மெல்லக் கலைந்தது. இப்படி ஒன்றைக் கேட்டுவிட்ட பிறகு அங்கே நிற்க யாருக்கும் மனமில்லை.

"என் படகுக்கு வாங்க, ரெண்டு பேரும்" என்றார் வில்ஃப்.

"வேணாங்க. உங்க முகத்தைப் பார்த்துட்டு என்னால உக்கார முடியாது" என்றாள் எனிட்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு, மேட்டுத் தெருவில் இரவு தங்கவிடும் ஒரு வீட்டின் கதவைத் தட்டினார்கள். கதவைத் திறந்த அம்மாள் பருமனானவள். இரண்டு பேரிடமிருந்தும் தண்ணீர் சொட்டுவதைப் பார்த்து, "ஐயோ, உள்ள வாங்க, உள்ள வாங்க" என்று துண்டுகளை எடுத்து நீட்டினாள். ரெக் துண்டை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

"படகுக்காரங்களா? இப்போதான் யாரோ சொல்லிட்டுப் போனாங்க. கஷ்டம்தான். அறை இருக்கு, கவலைப்படாதீங்க. கட்டில் ஒண்ணாப் போதுமா, இல்லை தனித்தனியா ரெண்டு இருக்கறதா?"

ரெக் தலையைத் தூக்கினான்.

"ரெண்டு" என்றாள் எனிட்.

அம்மாள் சாவியை எடுத்தாள். "காலையில சாப்பாடு உண்டு. முட்டை உங்களுக்கு எப்படி வேணும்?"

"வேகவச்சது."

"ஐயாவுக்கு?"

ரெக் எனிட்டைப் பார்த்தான். அவனுக்கு முட்டை எப்படி வேண்டும் என்று கடையிலும் விடுதியிலும் சொல்வது இத்தனை வருடமும் அவள்தான். எனிட் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். அம்மாள் காத்திருந்தாள்.

"எப்படியிருந்தாலும் சரி" என்றான் ரெக்.